பத்துமலைக் கல்லும் வெற்றிலைச் சுண்ணாம்பும்: கால்சைட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளி மாணவர்களை வார இறுதிகளில் பத்துமலை அடிவாரத்துக்கும் கோம்பாக் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்று, கற்களைக் கையில் எடுத்துப் பார்த்து இனங்காணப் பழக்குவதைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்த நடைகளில் பிள்ளைகளும், உடன்வரும் பெற்றோரும், சில வேளைகளில் தாத்தா பாட்டிமாரும் கேட்ட கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் பலவாக இருந்தாலும் பெரும்பாலானவை கால்சைட் என்ற ஒரே கனிமத்தைச் சுற்றியே அமைகின்றன. ஏனெனில் கோலாலம்பூரில் வாழும் தமிழர் கோயில் படியேறும்போதும், வெற்றிலை மடிக்கும்போதும், வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும்போதும், பெயர் அறியாமலேயே அந்தக் கனிமத்துடன்தான் பழகுகிறார்.

கால்சைட் என்பது என்ன? சுண்ணாம்புக்கல்லும் அதுவும் ஒன்றுதானா?

கால்சைட் ஒரு கனிமம். சுண்ணாம்புக்கல் ஒரு பாறை. எள்ளுக்கும் எள்ளுருண்டைக்கும் உள்ள உறவே இவை இரண்டுக்கும் உள்ள உறவு. கால்சியம், கார்பன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்த கால்சியம் கார்பனேட், ஒழுங்கான ஒரு குறிப்பிட்ட படிக அமைப்பில் அமைந்தால் அது கால்சைட். அந்தக் கனிமத் துகள்கள் பெருமளவில் சேர்ந்து இறுகிய பாறையே சுண்ணாம்புக்கல். அதே பாறை பூமிக்கடியில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு மறுபடி படிகமானால் அதனைச் சலவைக்கல், அதாவது மார்பிள், என்கிறோம்.

பத்துமலையின் பாறையைப் புவியியலாளர்கள் கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல் என்ற பெயரால் குறிக்கின்றனர். 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சிலூரியன் காலத்தில் அது கடலடியில் படிந்தது. பிற்காலத்தில், தித்திவங்சா மலைத்தொடராக இன்று நிற்கும் கருங்கல், உருகிய குழம்பாக அடியிலிருந்து மேலெழுந்தபோது அதன் வெப்பம் இந்தச் சுண்ணாம்புக்கல்லையும் தாக்கியது. பெரும்பகுதி சலவைக்கல்லாக மாறியது. புதிதாக உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்தால் கற்கண்டுத் தூளைப் போல் மினுமினுப்பதற்கு அதுவே காரணம்.

ஒரு வெள்ளைக் கல் கால்சைட்தானா என்பதை வீட்டிலேயே எப்படிக் கண்டறிவது?

முதலில் நிறத்தை மறந்துவிட வேண்டும். என்னிடம் கல்லை நீட்டுகிறவர்களுள் பத்தில் ஒன்பது பேர் "வெள்ளையாக இருக்கிறதே" என்றுதான் தொடங்குகிறார்கள். கனிமத்தை இனங்காண்பதில் நிறத்தைப் போல் நம்பத்தகாத சாட்சி வேறில்லை. தூய கால்சைட் நிறமற்றது அல்லது வெண்மையானது. ஆனால் சிறிதளவு இரும்பு கலந்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ, மாங்கனீசு கலந்தால் இளஞ்சிவப்பாகவோ, கரிமப் பொருள் கலந்தால் சாம்பல் அல்லது கருப்பாகவோ அது தோன்றும். மறுபுறம், குவார்ட்ஸ், ஜிப்சம், டோலமைட், பெல்ட்ஸ்பார் ஆகியவையும் வெள்ளையாக இருக்கக்கூடியவையே.

நிறத்தை ஒதுக்கிய பின் பார்க்க வேண்டியது கடினத்தன்மை. பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் 1812இல் வகுத்த 1 முதல் 10 வரையிலான அளவுகோலே இன்றும் வழக்கில் உள்ளது; அதில் 3 என்ற எண்ணுக்கு அளவுப்பொருளாக நிற்பதே கால்சைட். நம் விரல் நகத்தின் கடினத்தன்மை ஏறத்தாழ இரண்டரை. சமையலறைக் கத்தியின் எஃகும் சாதாரணக் கண்ணாடியும் ஏறத்தாழ ஐந்தரை. ஆகவே நகத்தால் கீறினால் கால்சைட்டில் கோடு விழாது. கத்தி முனையால் கீறினால் எளிதில் விழும். கால்சைட்டால் கண்ணாடிப் புட்டியைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் உண்டாகாது. இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. கல் கத்தியைத் தேய்த்து, அந்த உலோகத் தூள் கல்லின் மேல் கோடாகப் படிந்திருப்பதைக் கீறல் என்று எண்ணிவிடுகிறோம். விரலில் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்த பிறகும் பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால்தான் அது கீறல்.

மூன்றாவது, கல் உடைந்திருக்கும் விதம். கால்சைட் படிகம் மூன்று திசைகளில் சீராகப் பிளக்கும். ஆனால் அந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதில்லை. மூலைகளில் ஏறத்தாழ 75 பாகையும் 105 பாகையுமான கோணங்கள் அமையும். காலித் தீப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தால் கிடைக்கும் வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டை உடைத்தால் அதே சாய்ந்த பெட்டி வடிவில் சிறிய துண்டுகள் கிடைக்கும். அவற்றை மேலும் உடைத்தால் மேலும் சிறிய சாய்ந்த பெட்டிகள். பிரான்சு நாட்டின் ரெனே ஜுஸ்ட் ஆயுயி, கைதவறி விழுந்து உடைந்த ஒரு கால்சைட் படிகத்தின் துண்டுகள் அனைத்தும் ஒரே வடிவில் இருப்பதைக் கண்ட பிறகே படிகங்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆராயத் தொடங்கினார் என்று அறிவியல் வரலாற்றில் சொல்லப்படுகிறது. சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லில் துகள்கள் மிகச் சிறியவையாதலால் இந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாது. அதன் குறுக்கே ஓடும் தடித்த வெண்ணிற நரம்புகளில் தேடினால் தெரியும்.

கடைசியாக அமிலச் சோதனை. கல்லின் ஓர் ஓரத்தைக் கத்தியால் சுரண்டிச் சிறிது தூள் எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, அதன்மேல் சமையலறை வினிகர் சில துளிகள் விட வேண்டும். கால்சைட் என்றால் நுண்ணிய குமிழிகள் எழும். கார்பனேட்டிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவே அந்தக் குமிழிகள். உருப்பெருக்கி ஒன்று கையில் இருந்தால் ஐயத்துக்கு இடமே இராது. புவியியலாளர்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவதால் அவர்களுடைய கல் உடனே நுரைக்கும். ஆனால் அந்த அமிலத்தைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

வினிகர் விட்டும் குமிழி வரவில்லை. எனவே அது கால்சைட் இல்லை என்று முடிவு செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். முழுக் கல்லின் வழவழப்பான பரப்பில் வினிகர் மிக மெதுவாகவே வேலை செய்யும். தூளாக்கினால் மட்டுமே அமிலம் தொடும் பரப்பு போதிய அளவு கிடைக்கும். கடையில் வாங்கிய அலங்காரக் கற்களின் மேல் மெழுகோ பிசினோ பூசப்பட்டிருந்தால் அமிலம் உள்ளே எட்டவே எட்டாது. வினிகருக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு விடுபவர்களும் உண்டு. தொடக்கத்தில் சில குமிழிகள் வந்தாலும், எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட் கல்லின் மேல் படிந்து வினையைத் தடுத்துவிடும்.

தூளாக்கியும் குமிழி இல்லையென்றால், கத்தியால் கீற முடிகிறதா என்று மறுபடி பாருங்கள். கத்தியால் கீற முடிந்து, வினிகரில் ஏறக்குறைய அசையாமல் கிடந்தால் அது டோலமைட்டாக இருக்கலாம். கால்சியத்துடன் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் அது. நகத்தாலேயே கீற முடிந்தால் ஜிப்சமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஆற்றங்கரையில் எடுத்த கல்லின்மேல் ஒட்டியிருக்கும் சிமெண்டுத் துணுக்கும் சிப்பித் துண்டும்கூட வினிகரில் பொங்கும். கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதிதாக உடைந்த முகத்திலிருந்து தூள் எடுப்பதுதான் சரியான முறை.

குவார்ட்ஸிலிருந்து கால்சைட்டைப் பிரித்தறிவது எப்படி?

இந்த ஊரில் வாழ்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது. நகரின் வடக்கே பத்துமலை கால்சைட்டால் ஆனது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், தாமான் மெலாவத்திக்குப் பின்னால், மலையேறுபவர்கள் புக்கிட் தாபூர் என்று அறிந்த கிள்ளான் கேட்ஸ் முகடு குவார்ட்ஸால் ஆனது. நிலப்பிளவு ஒன்றின் வழியே ஏறிய, குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்கா கரைந்த வெந்நீர் அந்தப் பிளவில் குவார்ட்ஸைப் படியவைத்தது. சுற்றியிருந்த கருங்கல் காலப்போக்கில் சிதைந்து மண்ணாகிக் கழிய, கடினமான குவார்ட்ஸ் மட்டும் 14 கிலோமீட்டருக்கும் மேலான நீண்ட முதுகாக எஞ்சி நின்றது. இரண்டு இடங்களிலும் நிற்பவர் கண்ணுக்கு வெள்ளைக் கல்லே தெரியும்.

குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. அது கண்ணாடியைக் கீறும்; கத்தி அதனைக் கீறாது. உடைந்த குவார்ட்ஸில் சீரான தட்டை முகங்கள் இரா. உடைந்த புட்டியின் விளிம்பைப் போல் வளைந்த பரப்பே இருக்கும். வினிகரில் அது எவ்வளவு நேரம் கிடந்தாலும் ஒரு குமிழியும் எழாது. ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் வெங்கச்சங்கல் என்று சொல்லி, இரண்டை ஒன்றோடொன்று தட்டி இருட்டில் பொறி பறக்கக் காட்டுவது இந்தக் குவார்ட்ஸைத்தான். எடையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே அளவு நீரோடு ஒப்பிட்டால் கால்சைட் 2.71 மடங்கும் குவார்ட்ஸ் 2.65 மடங்கும் எடையுள்ளவை. கையால் தூக்கிப் பார்த்து அந்த வேறுபாட்டை யாராலும் உணர முடியாது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். குவார்ட்ஸை இடித்துத் தூளாக்கக் கூடாது. அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற மீளாத நோயை உண்டாக்கக்கூடியது. எந்தக் கல் என்று தெரியாதபோது, சுரண்டி எடுக்கும் ஒரு சிட்டிகைத் தூளுக்கு மேல் தேவையில்லை.

பூசைக்கு வாங்கிய ஸ்படிகம் உண்மையானதா என்று பார்க்கலாமா?

ஸ்படிகம் என்பது நிறமற்ற, தெளிந்த குவார்ட்ஸ். அதன் பெயரில் கண்ணாடியும், சில வேளைகளில் தெளிந்த கால்சைட்டும் விற்கப்படுகின்றன. என் அம்மா பல ஆண்டுகளுக்கு முன் ஸ்படிக லிங்கம் என்று சொல்லப்பட்ட சிறு லிங்கம் ஒன்றை வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் தயிரும் எலுமிச்சைச் சாறும் கொண்டு அபிஷேகம் செய்து வந்தார். ஓராண்டுக்குள் அதன் பளபளப்பு முழுவதும் மறைந்து, மேற்பரப்பு உப்புக்கல்லைப் போல் மங்கிவிட்டது. தம் பூசையில் ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்று அவர் மனம் வருந்தியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பீடத்துக்குள் மறையும் அடிப்பகுதியை ஊசியால் தொட்டுப் பார்த்தபோது கோடு விழுந்தது. ஒரு துளி வினிகரில் அந்த இடம் குமிழ்த்தது. லிங்கம் கால்சைட்டால் ஆனது. அமிலம் அதை அரித்திருந்தது. குறை பூசையில் இல்லை என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல அந்த ஒரு துளி எனக்கு உதவியது. அதன் பிறகு அவர் அதற்குத் தூய நீரால் மட்டும் அபிஷேகம் செய்தார்.

உங்களிடம் உள்ளதைச் சோதிக்க விரும்பினால், கண்ணில் படாத அடிப்பகுதியில் ஊசி முனையால் மெல்லக் கீறிப் பாருங்கள். கோடு எளிதில் விழுந்தால் அது குவார்ட்ஸ் இல்லை. விழாவிட்டாலும் அது கண்ணாடியாக இருக்கலாம்; உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி என்றே கொள்ளலாம். ஐயம் தீராவிட்டால், நகைக் கற்களைச் சோதிப்பவர்களிடம் காட்டுவதே முறை.

கால்சைட் வழியாகப் பார்த்தால் எழுத்து இரண்டாகத் தெரியும் என்பது உண்மையா?

உண்மை, கனிம உலகில் நான் மிகவும் விரும்பும் காட்சி அது. ஐஸ்லாந்துப் படிகம் என்ற பெயர் பெற்ற, கண்ணாடி போல் தெளிந்த கால்சைட்டை அச்சிட்ட பக்கத்தின்மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாகத் தோன்றும். கல்லை மெதுவாகச் சுழற்றினால் ஒரு பிம்பம் அசையாமல் நிற்க, மற்றொன்று அதைச் சுற்றிவரும். கல்லுக்குள் புகும் ஒளிக்கற்றை இரண்டாகப் பிரிந்து, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் செல்வதால் இவ்வாறு நிகழ்கிறது. அவற்றின் ஒளிவிலகல் எண்கள் 1.658, 1.486. பல கனிமங்களுக்கு இந்தப் பண்பு உண்டு என்றாலும், வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு அது கால்சைட்டில் வலிமையாக இருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த எராஸ்மஸ் பார்தோலின் 1669இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். ஒளி அலையாகப் பரவுகிறது என்று வாதிட்ட கிறிஸ்தியான் ஹைகன்ஸ், 1690இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலில் இந்த இரட்டைப் பிம்பத்துக்கு விளக்கம் அளித்தார். 1808இல் எத்தியேன் லூயி மாலூஸ், பாரிஸில் ஒரு மாளிகையின் சன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் துண்டு வழியாகப் பார்த்து, எதிரொளித்த ஒளி முனைவுற்றிருப்பதை, அதாவது அதன் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்குபட்டிருப்பதை, கண்டறிந்தார். 1828இல் வில்லியம் நிக்கல் இரண்டு கால்சைட் துண்டுகளைப் பிசினால் ஒட்டி முனைவுறு ஒளியைத் தரும் பட்டகம் ஒன்றை அமைத்தார். பாறைகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராயும் கலை, நெடுங்காலம் அந்தப் பட்டகத்தை நம்பியே நடந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பாகும் அதே பொருள்தான் ஒளியின் இயல்பையும் மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது என்று மாணவர்களிடம் சொல்லும்போது, அவர்கள் கையிலிருக்கும் கல்லை இன்னொரு முறை திருப்பிப் பார்க்கிறார்கள்.

கல் எப்படி வெற்றிலைச் சுண்ணாம்பாகிறது?

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். தூய கால்சைட் 100 கிலோ சுட்டால் கிடைப்பது 56 கிலோ மட்டுமே. எஞ்சிய 44 கிலோவும் வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். சுட்டதன்மேல் நீர் தெளித்தால் அது கொதித்துப் பொங்கி, பூவாக உதிரும். இதைத்தான் சுண்ணாம்பு நீற்றுதல் என்கிறோம். நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து வைத்தால் அதுவே வெற்றிலைக்குரியது. மலாய் அண்டை வீட்டார் காப்பூர் சீரே என்று அழைப்பதும் அதுதான். கடலோர ஊர்களில் கல்லுக்குப் பதில் கிளிஞ்சலைச் சுடுவார்கள். வேதியியல் முறையில் விளைவு ஒன்றே.

நீற்றிய சுண்ணாம்பு காற்றில் நெடுநாள் கிடந்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மறுபடி ஏற்று மெல்ல மெல்லக் கால்சைட்டாகவே திரும்பிவிடும். மூடாத சுண்ணாம்புச் சிமிழின் மேல் இறுகும் ஏடு அதற்குச் சாட்சி. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் நீர் சிவப்பது நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மையால். அரைத்த கல்தூளைக் கரைத்தால் அந்தச் செந்நிறம் வராது. சுட்டதா, சுடாததா என்பதைப் பிரித்தறிய நம் பாட்டிமார் கையிலேயே ஒரு சோதனை இருந்திருக்கிறது.

பினாங்கு என்ற பெயரே பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்னும் அளவுக்கு இந்த நாட்டில் தாம்பூலம் வேரூன்றியது. ஆயினும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது என்பதையும் நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். பட்ட உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கட்டடங்களில் கால்சைட்டின் பங்கு என்ன?

சிமெண்டின் முதன்மை மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அதைக் களிமண்ணோடு அரைத்து, சுழலும் உலையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் சுட்டு, கிடைக்கும் கட்டிகளைச் சிறிது ஜிப்சத்துடன் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. பத்துமலை முன்னே 2006 முதல் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை கான்கிரீட்டால் ஆனது. பின்னால் நிற்கும் மலையும், முன்னால் நிற்கும் சிலையை இறுக்கிப் பிடித்திருக்கும் சிமெண்டும் ஒரே கனிமத்தின் இரண்டு நிலைகள். சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது வெளியேறும் வாயுவும் எரிபொருளின் புகையும் சேர்ந்து, மனிதர்கள் உலகெங்கும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

சிமெண்டு பரவலாவதற்கு முன் சுண்ணாம்புச் சாந்துதான் செங்கற்களை இணைத்தது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குக் காரணமான செங்கற்சூளைகள் கோலாலம்பூரைக் கட்டியெழுப்பிய 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களும், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உள்ள பழைய கடைவீடுகளும் அத்தகைய காலத்தைச் சேர்ந்தவை. அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சிமெண்டுப் பூச்சு இட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, செங்கல் உதிரத் தொடங்கும். பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் எவரும் கொத்தனாரிடம் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

நகரின் அடியிலும் இதே கல்தானா?

ஆம், நகரின் பெரும்பகுதிக்கு அடியில் இதே சுண்ணாம்புக்கல்தான் இருக்கிறது. அது தட்டையான தரையாக இல்லாமல், குகைகளும் பள்ளங்களும் கூர்முனைகளுமாக அரிக்கப்பட்டிருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் கால்சைட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வினிகர்த் துளியில் ஒரு நிமிடத்தில் நாம் காண்பதை மழை பல இலட்சம் ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு முதலில் குறிக்கப்பட்ட இடத்தில் அடிப்பாறை சீரற்றிருந்ததால், கோபுரங்கள் ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைக்கப்பட்டன. அவற்றின் அடித்தளத் தூண்களுள் மிக ஆழமானவை 100 மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. வெள்ளநீரையும் வாகனங்களையும் சுமக்க 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதையும் இதே குகைநிலத்தைத் துளைத்தே அமைந்தது.

வேறு என்ன பயன்கள் உள்ளன?

பட்டியல் மிக நீளமானது. நாம் அன்றாடம் தொடுபவற்றை மட்டும் சொல்கிறேன். நெஞ்செரிச்சலுக்கு மென்று தின்னும் மாத்திரைகள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் உள்ளது. வயிற்று அமிலத்தோடு அது செய்யும் வேலை, தட்டில் வினிகரோடு செய்த அதே வேலை. எலும்புக்குத் தரப்படும் கால்சியம் மாத்திரையில் 1,250 மில்லிகிராம் கார்பனேட் இருந்தால் அதில் கால்சியம் 500 மில்லிகிராம். பற்பசை, காகிதம், சாயம், பிளாஸ்டிக் குழாய், ரப்பர் கையுறை ஆகியவற்றில் நுண்தூளாகச் சேர்க்கப்படுகிறது. எஃகு உலையில் மாசுகளைப் பிரித்தெடுக்கவும், கண்ணாடி உருக்கவும் உதவுகிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்குன்றுகள் இத்தகைய தூளுக்கும் சலவைக்கல்லுக்கும் பெயர்பெற்றவை. அமிலத்தன்மை மிகுந்த நம் நாட்டு மண்ணில், செம்பனைத் தோட்டங்களிலும் டுரியான் தோப்புகளிலும் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள் இடப்படுகிறது. தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் பலர் அந்த மூட்டைகளைத் தோளில் சுமந்தவர்கள்.

வீட்டுத் தரையும் சிலையும் மார்பிள். எதைக் கொண்டு துடைக்கலாம்?

வினிகர், எலுமிச்சை, புளி, தயிர், குளியலறைக் கறை நீக்கிகள் எதுவும் வேண்டாம். அவை கறையை எடுப்பதில்லை. கல்லையே கரைத்து மங்கச் செய்கின்றன. மென்மையான சவர்க்கார நீரும் ஈரத்துணியும் போதும். மார்பிள் விக்கிரகத்துக்குத் தயிர் அபிஷேகம் வழக்கமாக இருந்தால், தயிரைத் தங்கவிடாமல் உடனே நீரால் கழுவிவிட வேண்டும்.

பூந்தொட்டியில் பரப்ப வாங்கும் வெள்ளைக் கற்கள் எவை?

சில மூட்டைகளில் மார்பிள் துண்டுகள் இருக்கும். சிலவற்றில் குவார்ட்ஸ் இருக்கும். மேலே சொன்ன கத்தியும் வினிகரும் உடனே சொல்லிவிடும். இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. மார்பிள் மெல்லக் கரைந்து மண்ணின் காரத்தன்மையை உயர்த்தும். பூசைக்காக நாம் வளர்க்கும் இட்லிப்பூச்செடியோ சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. இலை நரம்பு பச்சையாக இருக்க இடையே மஞ்சள் பரவினால், உரத்தைக் கூட்டுவதற்கு முன் தொட்டியிலுள்ள கல்லைச் சோதித்துப் பாருங்கள்.

பத்துமலைக் குகையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வரலாமா?

வேண்டாம். குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதும், தரையிலிருந்து எழும் கல்முளையும், கால்சைட் கரைந்த நீர் ஒவ்வொரு துளியாகச் சொட்டி, கரியமில வாயுவை இழந்து, தன் சுமையை இறக்கிவைத்ததால் உருவானவை. பொதுவாக அவை ஓராண்டில் வளர்வது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. கையளவு நீளமுள்ள ஒன்றை உடைத்தால் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வேலை ஒரு நொடியில் போய்விடும். பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமி பிள்ளை 1891இல் முருகனின் வேலாயுதத்தை அங்கே நிறுவிய நாளிலிருந்து இன்றுவரை அந்தக் கல்விழுதுகளுள் ஒன்று வளர்ந்திருக்கக்கூடிய நீளம், நம் சுண்டுவிரலின் அகலத்தைத்தான் எட்டும். தொட்டுத் தடவுவதும் நல்லதன்று. கையிலுள்ள எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் புதிய படிவு சரியாக ஒட்டாது.

பழகுவதற்குக் கல் வேண்டுமானால் செடிக்கடை மூட்டையிலிருந்து நான்கைந்தும், மார்பிள் அறுக்கும் பட்டறையில் கேட்டு வாங்கிய ஓர் உடைசலும், கழுவிக் காயவைத்த முட்டை ஓடும் போதும். முட்டை ஓடும் கால்சைட்டே. படிகமாக வளர்ந்த நல்ல மாதிரிகளைப் பார்க்க விரும்புவோர், ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறையின் வளாகத்தில் உள்ள புவியியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். போகும் வழியில் நெடுஞ்சாலையின் இருபுறமும் செங்குத்தாக எழும் குன்றுகள் தெரியத் தொடங்கும் இடத்தில், அவை எந்தக் கனிமத்தால் ஆனவை என்று வண்டிக்குள் கேட்டுப் பாருங்கள்.